சாலை முதலில் காகிதத்தில் வருகிறது

கிங்ஸ் சர்க்கிள் நமக்குத் தெரிந்த இடம். அங்கே வட்டமான ஒரு பூங்கா இருக்கிறது. அதன் பெயர் மகேஸ்வரி உத்யான். பூங்காவைச் சுற்றி ஓட்டல்கள், பழைய புத்தகக் கடைகள். பக்கத்தில் ரயில் நிலையம், காந்தி மார்க்கெட், சண்முகானந்தா அரங்கம். இவற்றை ஒட்டிப் போகிறது டாக்டர் அம்பேத்கர் சாலை. அந்தச் சாலை சயனை நோக்கிப் போகிறது. சயனில் கிழக்கு விரைவு நெடுஞ்சாலை தொடங்கி, தானே வரை செல்கிறது.

இந்தச் சாலையில் லாரி போகிறது. கார் போகிறது. பஸ் போகிறது. நாமும் போகிறோம். தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறோம். மாட்டுங்காவில் வீட்டு வேலைக்குப் போகிறோம். செம்பூருக்கு பஸ் பிடிக்கிறோம். பெரிய மழை வந்தால் காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீரில் இறங்கி நடக்கிறோம்.

சாலையைத் தினமும் பார்க்கிறோம். ஆனால் அந்தச் சாலையை யார் திட்டமிடுகிறார்கள்? எங்கே பாலம், எங்கே நடைபாதை, எந்தக் கடை போகும், எந்தக் கடை நிற்கும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

எங்கள் மாலை வகுப்பில் ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தது. இட்லி விற்கும் அக்கா ஒருவரும், பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரும் பேசினார்கள்.

“கோடு போட்டுட்டுப் போயிட்டாங்க அண்ணாச்சி. செவப்புப் பெயின்ட்ல கோடு. என்னன்னு கேட்டா ‘ரோடு பெருசாகுது’ங்கிறாங்க.”

“நம்மகிட்ட யாரும்மா கேட்டாங்க?”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே! காலையில ஏழு மணிக்கு அந்த ஓரத்துல எத்தனை பேர் நடக்கிறாங்கன்னு எனக்குத்தானே தெரியும்.”

அக்கா சொன்னது சரி. அவருக்குத் தெரிந்தது, படம் வரைந்த இன்ஜினியருக்குத் தெரியாது. ஆனால் அண்ணாச்சி கேட்டதற்கு ஒரு பதில் உண்டு. பல நேரம் அரசு கேட்கத்தான் செய்கிறது. எழுத்தில் கேட்கிறது. செய்தித்தாளின் உள் பக்கத்தில், சின்ன எழுத்தில் கேட்கிறது.

சிவப்புக் கோட்டுக்கு முன்னால்

ஒரு சாலை எப்படி வருகிறது? முதலில் ஆட்கள் வந்து இடத்தை அளக்கிறார்கள். பிறகு படம் வரைகிறார்கள். இந்த முதல் படத்துக்கு வரைவுத் திட்டம் என்று பெயர். வரைவு என்றால் இன்னும் முடிவாகாதது. திருத்தலாம். அடிக்கலாம். சேர்க்கலாம்.

பிறகு அறிவிப்பு வருகிறது. மும்பையில் இதை ‘ஜாஹிர் நோட்டீஸ்’ என்று மராத்தியில் போடுவார்கள். அதில் ‘ஹர்கதி’, ‘சூச்னா’ என்று இரண்டு சொற்கள் இருக்கும். ஹர்கதி என்றால் மறுப்புகள். சூச்னா என்றால் யோசனைகள். இந்த இரண்டு சொற்களையும் கண்ணால் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அவை இருந்தால், யாரோ நம்மைக் கேட்கிறார்கள் என்று பொருள். கீழே ஒரு தேதி இருக்கும். அதுதான் கடைசி நாள்.

மறுப்புகளைப் படித்த பிறகு விசாரணை நடக்கும். பிறகு அரசு ஒப்புதல் தரும். பிறகு டெண்டர் விடுவார்கள். ஒப்பந்தக்காரர் வருவார். ஜேசிபி வரும். ஜேசிபி வந்த பிறகு பேசுவது கடினம். அப்போது பணம் ஒதுக்கியாகிவிட்டது, கையெழுத்தும் ஆகிவிட்டது. அங்கே நிற்கும் மேஸ்திரியிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை. அவர் கையில் இருப்பது வேறு யாரோ வரைந்த படம்.

எத்தனை நாள் கிடைக்கும்? மகாராஷ்டிரத்தில் 1966-ஆம் ஆண்டின் நகரத் திட்டச் சட்டம் இருக்கிறது. அதன்படி மும்பை முழுவதற்கும் வளர்ச்சித் திட்டம் போடுகிறார்கள். அதில் சாலைகளும் வரும். அந்தத் திட்டத்தின் வரைவு வெளியானால் மக்கள் எழுதுவதற்கு 60 நாள் கிடைத்தது.

ஒரு தெருவின் ஓரக் கோட்டை மட்டும் மாற்றுவதற்கு வேறு சட்டம் உண்டு. அது 1888-ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டம். கொள்ளுத் தாத்தா காலத்துச் சட்டம்! அதன்படி புதுக் கோடு போடுமுன் ஒரு மாதம் முன்பே செய்தித்தாளில் அறிவிக்க வேண்டும். அந்தத் தெருவிலேயும் அறிவிப்பு ஒட்ட வேண்டும். சுவரில் ஒட்டிய காகிதத்தை இனி சினிமா போஸ்டர் என்று தாண்டிப் போகாதீர்கள். நின்று படியுங்கள்.

நம் ஊர்ப் பக்கம் தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்தால் நாள் இன்னும் குறைவு. 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, அறிவிப்பு வந்து 21 நாளுக்குள் மறுப்பு எழுத வேண்டும். சேலம் – சென்னை எட்டு வழிச் சாலைக்கு 2018-இல் நிலம் எடுக்கத் தொடங்கினார்கள். காஞ்சிபுரம் முதல் சேலம் வரை ஐந்து மாவட்ட விவசாயிகள் எதிர்த்தார்கள். வழக்கு நடந்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நிலமெடுப்பு அறிவிப்பு செல்லும், ஆனால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் மேலே போக முடியாது என்றது. ஊரில் உங்கள் அண்ணன் தம்பிக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால், தீபாவளிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள். 21 நாள் என்பது மூன்றே வாரம்.

மும்பையே எழுதியது

2015 பிப்ரவரியில் மும்பை மாநகராட்சி ஒரு வரைவு வளர்ச்சித் திட்டத்தை வெளியிட்டது. அது 2034-ஆம் ஆண்டு வரைக்கான திட்டம். மக்கள் அதைப் பார்த்தார்கள். அதில் பல தவறுகள் இருந்தன. சில இடங்களில் இருக்கும் கட்டடங்கள் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தன. பழம்பெருமை உள்ள சில கட்டடங்கள் விட்டுப் போயிருந்தன.

மக்கள் எழுதினார்கள். ஒருவர் இருவர் அல்ல. 60,000-க்கும் மேற்பட்ட மறுப்புகளும் யோசனைகளும் குவிந்தன. அந்த ஏப்ரலில், மீண்டும் சரி செய்து வரையுங்கள் என்று முதலமைச்சர் உத்தரவிட்டார். திருத்திய வரைவு 2016 மே மாதம் வந்தது. மறுபடி மக்கள் எழுதினார்கள். 2018-இல்தான் திட்டம் ஒப்புதல் பெற்றது.

ஒரு பெரிய நகரத்தின் படத்தையே காகிதத்தில் எழுதிய வார்த்தைகள் திருப்பி அனுப்பின. கல் வீசவில்லை. ரயில் மறிக்கவில்லை.

பாலத்தின் அடியில் என்ன வரும்?

இப்போது கிங்ஸ் சர்க்கிளுக்கே வருவோம். மாட்டுங்காவில் அம்பேத்கர் சாலைக்கு மேலே ஒரு மேம்பாலம் இருக்கிறது. பாலம் கட்டினால் மேலே வண்டி போகும். அடியில் என்ன? பெரும்பாலும் இருட்டும் குப்பையும்தான். இந்தப் பாலத்தின் அடியிலும் அப்படித்தான் இருந்தது. வண்டிகளை நிறுத்தினார்கள். சூதாட்டமும் குடியும் நடந்தன.

அங்கே குடியிருந்தவர்கள் 2011 முதல் மாநகராட்சிக்கு எழுதத் தொடங்கினார்கள். ‘ஒன் மாட்டுங்கா’ என்ற பெயரில் சேர்ந்தார்கள். சொந்தச் செலவில் காவலாளிகளை வைத்து அந்த இடத்தைக் காத்தார்கள். அடியில் ஒரு பூங்கா வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு முறை கேட்டு விடவில்லை. ஆண்டுக்கணக்காகக் கேட்டார்கள்.

2016 ஜூன் மாதம் அங்கே பூங்கா திறந்தது. நானாலால் டி. மேத்தா பூங்கா என்று பெயர். சுமார் 600 மீட்டர் நீளம் நடைபாதை. நர்மதை ஆறு வளைந்து ஓடுவதைப் போல நீல நிறத்தில் அந்தப் பாதையை அமைத்தார்கள். மழையிலும் வெயிலிலும் நடக்கலாம். பாலமே கூரை!

இந்தப் பூங்காவை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாட்டுங்காவில் படித்தவர்கள் அதிகம். கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் அதிகம். எந்த அலுவலகம், எந்த மேசை என்று தெரிந்தவர்கள் அதிகம். அவர்கள் நடக்க இடம் கேட்டார்கள், கிடைத்தது. அதே பாலத்தடியில் ராத்திரி படுத்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் கேட்டிருந்தால் என்ன கேட்டிருப்பார்கள்? ஒரு குழாய்? ஒரு கழிப்பறை? எழுதுகிறவர்களின் விருப்பம்தான் படத்தில் ஏறுகிறது. அது அவர்கள் குற்றம் இல்லை. எழுதாதவர்களின் விருப்பம் ஏறுவதற்கு வழி இல்லை, அவ்வளவுதான்.

குர்லா கடைக்காரர்கள்

எழுதுவது படித்த பணக்காரர்களுக்கு மட்டும்தானா? செம்பூர் பக்கம் நடந்த கதையைப் பாருங்கள்.

சாந்தாகுரூஸ் – செம்பூர் இணைப்புச் சாலை உங்களுக்குத் தெரியும். மேற்கு விரைவு நெடுஞ்சாலையையும் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையையும் அது இணைக்கிறது. நீளம் ஆறரைக் கிலோமீட்டர்கூட இல்லை. வேலை 2003-இல் தொடங்கியது. சாலை திறந்தது 2014 ஏப்ரலில். பதினோரு ஆண்டு!

இந்தச் சாலை ‘மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம்’ என்ற பெரிய திட்டத்தின் ஒரு பகுதி. உலக வங்கி அதற்குக் கடன் கொடுத்தது. சாலைக்கும் ரயில் பாதைக்கும் இடம் வேண்டும். அங்கே வீடுகளும் கடைகளும் இருந்தன. முதலில் சுமார் 80,000 பேர் இடம் மாற வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். பிறகு அந்தக் கணக்கு சுமார் 1,20,000 ஆனது. 40,000 பேர் முதல் கணக்கில் இல்லை! இருந்த மனிதர்கள்தான். காகிதத்தில் மட்டும் இல்லை.

குர்லாவில் சாலையோரம் கடை வைத்திருந்தவர்கள் கவலைப்பட்டார்கள். கடை பெரிதாக இருந்தாலும் இலவசமாகக் கிடைப்பது 225 சதுர அடிதான். அதாவது 15 அடிக்கு 15 அடி. அதுவும் மான்குர்த் பக்கம். குப்பை மேட்டுக்கு அருகில். இத்தனை வருடம் வந்த வாடிக்கைக்காரர் அங்கே வருவாரா? கடைக்கு உயிர் சரக்கில் இல்லை, வாடிக்கைக்காரரிடம்தான் இருக்கிறது. இது கடை வைத்தவருக்குத் தெரியும்.

அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். முதலில் இங்கேயுள்ள அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். பிறகு 2004 ஏப்ரலில் உலக வங்கியின் ஆய்வுக் குழுவுக்குப் புகார் எழுதினார்கள். வாஷிங்டனுக்கு! வங்கி தன் விதிகளைத் தானே மீறினால் அதை விசாரிப்பது அந்தக் குழுவின் வேலை. பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், புகார் கொடுக்கலாம். தம் மொழியிலேயே கொடுக்கலாம். இந்தக் குழு 1993-இல் உருவானது. அது உருவாவதற்கு ஒரு பெரிய காரணம் நர்மதை அணையை எதிர்த்து நம் நாட்டு மக்கள் நடத்திய போராட்டம். பாலத்தடியில் நீல நிறத்தில் ஓடுகிறதே, அதே நர்மதை.

குர்லாவிலிருந்து போன புகாரைப் பின்பற்றி மற்ற இடங்களிலிருந்தும் புகார்கள் போயின. குழு மும்பைக்கு வந்து பார்த்தது. 2005 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. மக்களிடம் சரியாகக் கலந்து பேசவில்லை, அவர்கள் பிழைப்புக்கு என்ன ஆகும் என்று சரியாகப் பார்க்கவில்லை என்று கண்டுபிடித்தது. 2006 மார்ச் 1-ஆம் தேதி, சாலைப் பணிக்கும் மறுகுடியமர்த்தலுக்கும் தரும் பணத்தை உலக வங்கி நிறுத்தி வைத்தது. சில நிபந்தனைகளுக்கு அரசு இசைந்த பிறகு, ஜூன் கடைசியில்தான் மறுபடி பணம் வந்தது.

அவர்கள் கேட்டது எல்லாம் கிடைத்ததா? இல்லை. சாலை வந்தது. பல கடைகள் போயின. ஆனால் தங்களைக் கேட்காமல் போட்ட திட்டத்தை நாலு மாதம் நிறுத்தி, மறுபடி பேச வைத்தார்கள். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. படம் வரையும்போதே ஒருவர் குர்லாவுக்கு வந்து, “உங்கள் வாடிக்கைக்காரர் எங்கிருந்து வருகிறார்?” என்று கேட்டிருந்தால், வாஷிங்டன் வரை போயிருக்க வேண்டாம்.

படத்தைப் பார்ப்பது

திட்டப் படத்தில் அடி இருக்காது. மீட்டர் இருக்கும். 1 மீட்டர் என்பது சுமார் 3 அடி 3 அங்குலம். படத்தில் 18.30 மீட்டர் என்று எழுதியிருந்தால் அது 60 அடி. 27.45 மீட்டர் என்றால் 90 அடி. தாராவியில் 60 அடி ரோடும் 90 அடி ரோடும் இருக்கின்றனவே! இப்படி ஒரு காகிதத்தில் எழுதிய எண்தான் நம் வாயில் தெருப் பெயராகிவிட்டது. 90 அடி ரோட்டில் இப்போது நடந்து பாருங்கள். எத்தனை அடி மிச்சம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

படத்தில் 1 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1 மில்லிமீட்டர் என்பது 4 மீட்டர். பென்சில் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் நிலத்தில் ஒரு கடையின் அகலம் போய்விடும். படத்தில் முதலில் உங்களுக்குத் தெரிந்த இடத்தைத் தேடுங்கள். கோயில், ரயில் நிலையம், பள்ளிக்கூடம். அங்கிருந்து விரலை நகர்த்தி உங்கள் தெருவுக்கு வாருங்கள்.

எப்படி எழுதுவது?

வகுப்பில் அக்காவை எழுதச் சொன்னோம். முதலில் இப்படி எழுதினார்:

“ஐயா, நாங்கள் ஏழைகள். மிகவும் கஷ்டப்படுகிறோம். தயவு செய்து ரோடு வேண்டாம்.”

உண்மைதான். ஆனால் இதைப் படிக்கும் அதிகாரி என்ன செய்வார்? “பார்த்தேன்” என்று எழுதிக் கோப்பில் வைப்பார். அவர் பதில் சொல்லியாக வேண்டியது இதில் எதுவும் இல்லை.

பிறகு அக்கா இரண்டாவது முறை எழுதினார். இம்முறை அவர் கண்ணால் பார்த்ததை எழுதினார். எந்த இடம், எந்த நேரம், எத்தனை பேர், என்ன மாற்றம் வேண்டும் என்று எழுதினார். இதற்குப் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். “அங்கே அத்தனை பேர் நடப்பதில்லை” என்று சொல்ல வேண்டும் என்றால், அவர்கள் வந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே எண்ணுங்கள். காலை 8 முதல் 9 வரை ஓர் ஓரத்தில் நில்லுங்கள். பத்துப் பேர் கடந்தால் நோட்டில் ஒரு கோடு. எத்தனை குழந்தைகள், எத்தனை முதியோர், தலையில் சுமையோடு எத்தனை பேர் என்று பாருங்கள். மழை நாளில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று சுவரில் அடையாளம் வையுங்கள். தேதி எழுதுங்கள். கூட்டியோ குறைத்தோ எழுதாதீர்கள். ஒரு எண் பொய் என்று தெரிந்தால் மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

“தமிழ்லதானே எழுதக் கத்துக்கிட்டோம், வாங்குவாங்களா?” என்று அண்ணாச்சி கேட்டார். நல்ல கேள்வி. மும்பை அலுவலகங்களில் மராத்தியில் எழுதிய மனு எளிதாக நகரும். எனவே முதலில் தமிழில் எழுதுங்கள். நாம் நினைத்ததைத் தெளிவாகச் சொல்ல நம் மொழிதான் உதவும். பிறகு மராத்தி படிக்கும் நம் பிள்ளைகள் யாரையாவது மாற்றி எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுமுன் அவர்கள் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லட்டும். நீங்கள் எழுதிய எண்களும் தேதிகளும் அப்படியே இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். எண்களைப் படிக்க உங்களுக்குத் தெரியும் அல்லவா? விலாசத்தையும் பாருங்கள்.

எங்கே கொடுப்பது? யாருடைய சாலை என்று முதலில் கேளுங்கள். கிழக்கு விரைவு நெடுஞ்சாலை 2022-இல் மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தது. சாந்தாகுரூஸ் – செம்பூர் சாலையைப் போட்டது எம்.எம்.ஆர்.டி.ஏ. உள்ளூர்ச் சாலை என்றால் வார்டு அலுவலகம். கிங்ஸ் சர்க்கிளும் மாட்டுங்காவும் எஃப் நார்த் வார்டு. அதன் அலுவலகம் மாட்டுங்காவில் பாவு தாஜி சாலையில் இருக்கிறது. தாராவி ஜி நார்த் வார்டு. செம்பூர் எம் வெஸ்ட் வார்டு. குர்லா எல் வார்டு.

அலுவலகத்தில் ‘ஆவக் – ஜாவக்’ என்று ஒரு மேசை இருக்கும். ஆவக் என்றால் வருவது. ஜாவக் என்றால் போவது. மனுவை அங்கே கொடுங்கள். இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் முத்திரை, தேதி, எண் போட்டுத் திருப்பித் தருவார்கள். அதை ரேஷன் கார்டு வைக்கும் பையில் வையுங்கள். முத்திரை இல்லாத மனுவுக்குப் பிறந்த தேதி இல்லை. கடைசி நாளுக்குள் கொடுத்தேன் என்று எப்படிக் காட்டுவீர்கள்?

அலுவலகம் படத்தைக் காட்ட மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மராத்தி, இந்தி, ஆங்கிலம் இவற்றில் ஒன்றில் எழுத வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரி உதவ வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

நடைபாதையில் விற்பவர்களுக்கு 2014-இல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 100-க்கு 40 பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இட்லிக்கார அக்காவுக்கு நாற்காலி சட்டத்தில் போட்டிருக்கிறது.

பயிற்சி

அக்கா இரண்டாவது முறை எழுதியதைப் போன்ற மனு கீழே இருக்கிறது. சத்தமாகப் படியுங்கள். காலி இடங்களை உங்கள் இடத்துக்குத் தகுந்தபடி நிரப்புங்கள்.

பெறுநர்:
உதவி ஆணையர் அவர்கள்,
எஃப் நார்த் வார்டு, மும்பை மாநகராட்சி, மாட்டுங்கா.

பொருள்: ............ சாலைத் திட்ட வரைவு பற்றிய மறுப்பும் யோசனையும். அறிவிப்பு எண் ......, தேதி .......

ஐயா / அம்மா,

நான் ............ பகுதியில் ...... ஆண்டுகளாக வசிக்கிறேன். கிங்ஸ் சர்க்கிள் நிலையத்துக்கு அருகில் தினமும் சாலையைக் கடக்கிறேன். ...... தேதி காலை 8 மணி முதல் 9 மணி வரை நாங்கள் எண்ணினோம். ...... பேர் அந்த இடத்தில் கடந்தார்கள். அவர்களில் ...... பேர் பள்ளிக் குழந்தைகள். ...... பேர் தலையில் சுமை வைத்திருந்தார்கள்.

வரைவுப் படத்தில் அந்த இடத்தில் கடக்கும் வழி இல்லை. அடுத்த வழி ...... அடி தள்ளி இருக்கிறது. சுமையோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. எனவே இப்போதுள்ள இடத்திலேயே கடக்கும் வழியும் சிக்னலும் வேண்டும். ...... தேதி பெய்த மழையில் அங்கே ...... அங்குலம் தண்ணீர் நின்றது. நடைபாதையின் உயரத்தை அதற்குத் தகுந்தபடி வைக்க வேண்டும்.

விசாரணையில் நேரில் பேச விரும்புகிறேன். நாள், நேரம், இடத்தை எனக்குத் தெரிவிக்க வேண்டும்.

கையெழுத்து ............
விலாசம் ............

கணக்கு: அக்கா நோட்டில் 37 கோடுகள் இருந்தன. ஒரு கோடு 10 பேர். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடந்தார்கள்?

அறிவிப்பு மார்ச் 5-ஆம் தேதி வந்தது. மார்ச் 6-ஐ முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் தவணை எந்தத் தேதியில் முடியும்? 60 நாள் என்றால்? காலண்டரைப் பார்த்து எழுதுங்கள்.

பேசுங்கள்: உங்கள் தெருவில் கடைசியாக நடந்த சாலை வேலை என்ன? அதற்கு முன் அறிவிப்பு ஒட்டினார்களா? யாராவது பார்த்தீர்களா? நீங்கள் கேட்டிருக்கக்கூடிய ஒரே ஒரு மாற்றம் எது? அதை இரண்டு வரியில் நோட்டில் எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.